கூட்டாகச் சேர்ந்து விவசாயியிடம் வாங்குவது எப்படி: மண்டிக் கணக்கப்பிள்ளை ஒருவரின் குறிப்பு

"நேரடியா வாங்கினா கிலோவுக்கு எவ்வளவு மிச்சம் அண்ணாச்சி?" எங்கள் குழுவில் சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். காய்கறியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அரிசியிலும் உளுந்திலும் கொஞ்சம் மிஞ்சும். கருப்பட்டியில் கடை விலையைவிடக் கூடத்தான் ஆகும். இப்படிச் சொன்னதும் "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போனவர்கள் நிறையப் பேர். போகட்டும். விலை குறையும் என்பதை மட்டும் நம்பி வருகிறவர், மார்க்கெட்டில் தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்கு விழுகிற வாரம் எப்படியும் போய்விடுவார்.

நான் காய்கறி மண்டி ஒன்றில், அதாவது விவசாயி கொண்டுவருகிற சரக்கை ஏலம் விட்டுக் கமிஷன் எடுக்கிற கடையில், பல வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். நாற்பது வீடு. அம்பாசமுத்திரம், களக்காடு, சங்கரன்கோவில் பக்கத்து விவசாயிகள் சிலரிடமிருந்து சாமான் வருகிறது. நோட்டு மாறியிருக்கிறது, வேலை ஏறக்குறைய அதேதான். அதனால் நான் சொல்ல வருவது மண்டியில் இருந்தே தொடங்கும்.

மண்டி என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒரு விவசாயி 500 கிலோ கத்திரிக்காய் கொண்டுவருகிறார், கிலோ 20 ரூபாய்க்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 ரூபாய். நான் இருந்த கடையில் நூற்றுக்குப் பத்து கமிஷன். அது போக இறக்குக்கூலி, வேன் வாடகை, சாக்கு. எல்லாம் கழித்துச் சீட்டில் ஏழாயிரத்துச் சொச்சம் வரும். பறிப்புக்கூலியை அவர் காட்டிலேயே கொடுத்துவிட்டு வந்திருப்பார். அதே காய் மறுநாள் தெருவில் கிலோ 40க்கு விற்கும்.

ரிசர்வ் வங்கி 2024ல் வெளியிட்ட ஆய்வுத்தாள்களில் இந்தக் கணக்கை நாட்டளவில் போட்டிருந்தார்கள். நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது தக்காளியில் சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு, வாழைப்பழத்தில் 31 காசு. களக்காட்டு வாழை தினமும் கண்முன்னால் லாரியில் போவதைப் பார்க்கிற நம்மூர்க்காரர்கள் அந்தக் கடைசி எண்ணை இன்னொரு தடவை படிக்கலாம்.

மீதி 69 காசும் யாரோ ஒருவருடைய கல்லாவில் விழுந்துவிடுவதாக நினைக்க வேண்டாம். அழுகிப் போனது, விற்காமல் வாடினது, கடை வாடகை, வட்டி, சுமைக்கூலி என்று வழி நெடுக உதிர்கிறது. மண்டிக்காரரைத் திட்டுகிற பேச்சில் எனக்கு விருப்பம் இல்லை. சரக்கு எவ்வளவு வந்தாலும் திருப்பி அனுப்பமாட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வந்தாலும் ஆள் வைத்து இறக்குவார். மகள் கல்யாணத்துக்கும் உரக்கடைப் பாக்கிக்கும் முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணம்தான் விவசாயியை அதே கடையில் கட்டிப்போடுகிறது என்பதும் நிஜம்.

சேர்ப்பது, எடை போடுவது, கழிவைத் தாங்குவது, சொன்ன நாளில் பணம் கொடுப்பது. மண்டியின் வேலை இந்த நாலும்தான். நடுவில் இருக்கிற ஆளை விலக்கிவிடலாம், இந்த வேலைகளை விலக்க முடியாது. குழு ஆரம்பிக்கிறோம் என்றால் இந்த நாலையும் நாம் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்று அர்த்தம். அதற்கு ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு போவது எவ்வளவோ மேல்.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்

எங்கள் குழுவில் ஆளுக்கொரு காரணம். கீழவீட்டு டீச்சருக்குத் தொலி உளுந்து, அதாவது தோல் எடுக்காத உளுந்து. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்தால் வாசனை வாசல் வரை வர வேண்டும், கடை உளுந்தில் அது வரவில்லை என்பது அவர் கட்சி. கைக்குழந்தை இருக்கிற ஒரு வீட்டில் வாழைப்பழம்தான் பிரச்சினை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, இருந்தாலும் மேலே மஞ்சளாகவும் உள்ளே கல்லாகவும் ஒரு பழம் கைக்கு வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், சேரன்மகாதேவியில் இருந்த வயலை விற்றுவிட்டவர். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்தானா என்று கேட்டுத்தான் பணம் கட்டுவார். இரண்டு மூன்று வீட்டில் காரணமே கிடையாது, பக்கத்து வீட்டில் வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொருவரும் எதற்காகச் சேர்கிறார்கள் என்று நான் நோட்டில் ஒரு வரி எழுதி வைக்கிறேன். பின்னால் சண்டை வரும்போது உதவும். பழத்துக்காகச் சேர்ந்தவரிடம் போய் அரிசிக்கு ஏன் பணம் கட்டவில்லை என்று கேட்கக் கூடாது.

முதலில் கெடாத சாமான்

புதுக் குழுக்கள் எல்லாம் கீரையிலும் தக்காளியிலும்தான் ஆரம்பிக்கின்றன. இரண்டு மாதத்தில் மூடிவிடுகின்றன. அரிசி, உளுந்து, மிளகாய் வத்தல், புளி, கருப்பட்டி என்று ஒரு வருஷம் ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர முடியாதவர் செவ்வாய்க்கிழமை வந்து எடுத்தாலும் கெட்டுப்போகாது. அதற்குள் யார் சொன்ன நாளில் பணம் தருகிறார், யார் தராசு பக்கம் நிற்க வருவார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அரிசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கு பிசகுவது இங்கேதான்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். கார் நெல் ஆவணி, புரட்டாசியில் அறுப்புக்கு வரும். பிசானம் மாசி, பங்குனியில். காருக்கு ஜூன் 1ல் தண்ணீர் திறப்பது வழக்கம், ஆனால் அணையில் தண்ணீர் இருந்தால்தான். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. மே மாதக் கடைசியில் செய்தித்தாளில் அணை மட்டம் போடும் மூலையைப் பார்த்து வந்தால் அந்த வருஷம் கார் அரிசியை நம்பலாமா என்று ஓரளவு தெரியும். நம்ப முடியாது என்றால் பிசானத்திலேயே கூடுதலாக வாங்கி வையுங்கள்.

நம் பக்கத்து நாக்குக்கு அம்பை 16 ஒத்துவரும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகம், குண்டு அரிசி, சோற்றுக்கும் ஆகும், இட்லிக்கும் ஆகும். தூயமல்லி, கருப்புக் கவுனி என்று பாரம்பரிய ரகம் கேட்கிறவர்களும் உண்டு. அவற்றில் மகசூல் குறைவு, அதனால் விலை கூடும். அதை வேறு கணக்காக வையுங்கள். இரண்டையும் கலந்து சராசரி போட்டால் இரண்டு பக்கமும் முணுமுணுப்பு.

நெல்லை எடுத்து ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும். அமுங்கினால் ஈரம் இருக்கிறது. அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் ஈரப்பதம் வரை வழக்கமாக எடுப்பார்கள். நாம் மாதக்கணக்கில் வைக்கப்போகிறோம், இன்னும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். களத்தில் இன்னும் ஒரு நாள் காய வைக்கச் சொன்னால் எடை குறையும், அந்தக் குறைவை விவசாயி தலையில் கட்டக் கூடாது. காய்ந்த நெல்லுக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்.

இப்போது கணக்கு. 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு வைத்த விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டால், அதாவது நூறு கிலோ, 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. அதற்குக் கீழே கேட்கிற எண்ணம் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். கிலோ 26 ரூபாய்க்கு 1,000 கிலோ நெல், 26,000 ரூபாய். அவித்து, காயப்போட்டு, அரைக்கிற கூலி, வண்டி, சாக்கு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் என்று வைப்போம். ஆக 30,000. இதில் எத்தனை கிலோ அரிசி வரும்? "நூறு கிலோவுக்கு எழுபது வரும்" என்று யாராவது சொல்வார்கள். சின்ன மில்லில் 62 முதல் 66 வரைதான் நான் பார்த்தது. 640 கிலோ என்று வைத்தால் அரிசி கிலோ 47 ரூபாய் அடக்கம். 700 கிலோ வரும் என்று நம்பி 43 ரூபாய் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால், கிலோவுக்கு நாலு ரூபாய் கணக்கப்பிள்ளை சட்டைப் பையில் இருந்துதான் போக வேண்டும். முதலில் அரைத்துக் கையில் வரட்டும், அப்புறம் விலை சொல்லுங்கள்.

மில்லுக்கு நெல் போகிற அன்றைக்குக் குழுவில் ஒருவர் கூடப் போய் நிற்க வேண்டும். அடுத்தவர் நெல்லோடு கலக்காமல் இருக்கவும், எவ்வளவு தீட்ட வேண்டும் என்று சொல்லவும் ஆள் வேண்டும். தவிடும் குருணையும் யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசுங்கள். எங்களுக்கு அரைக்கிற மில்லில் தவிட்டை எடுத்துக்கொண்டு கூலியில் கொஞ்சம் குறைக்கிறார்கள். குருணை எங்கள் வீடுகளுக்கே வரும், கஞ்சிக்கு ஆகிறது.

ஒரேயடியாக அரைத்துவிடாதீர்கள். புது நெல் அரிசி குழையும், அரிசியாக வைத்தால் வண்டும் சீக்கிரம் வரும். நெல்லாக மூட்டையில் வைத்திருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரைப்பது நல்லது. வைக்க இடம் யாராவது ஒரு வீட்டு மாடியறையில் கிடைத்துவிடும், எலிக்கு மட்டும் வழி பார்க்க வேண்டும். பழைய ஆட்கள் சிலர் இன்னும் கோட்டை, மரக்கால் என்று விலை பேசுவார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. பேசட்டும், நோட்டில் கிலோவாக எழுதுங்கள்.

உளுந்து கரிசல்காட்டுப் பக்கம், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டி வரை. புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து விதைத்தது தை மாதம் களத்துக்கு வரும். அப்போதே வாங்கி நன்றாக வெயிலில் போட்டு எடுங்கள். தொலியோடு உடைத்துத் தருகிற மில் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அளவைச் சொல்லுங்கள். முழு உளுந்தாக நாற்பது கிலோ வாங்கி வைத்துவிட்டு உடைக்க ஆள் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

கருப்பட்டிக்கு உடன்குடி, திசையன்விளைப் பக்கம். பனை ஏறுகிற காலம் பங்குனியில் தொடங்கும், ஆவணியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டருக்குக் குறையாமல் பதநீர் வேண்டும். தினமும் மரம் ஏறி இறங்க வேண்டும், விறகு வேண்டும், கிண்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், சீனி விலையில் இருந்து கொஞ்சம் மட்டும் கூட்டி ஒருவர் கருப்பட்டி தந்தால் அதில் சீனி இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். சீசனில் நேரில் போய், காய்ச்சுகிற இடத்தில் நின்று பார்த்து வாங்குங்கள். மார்கழியில் "புதுக் கருப்பட்டி" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

விவசாயியை எங்கே பிடிப்பது

உழவர் சந்தையில் தேடுவதுதான் சுலபம். 1999 நவம்பர் 14ல் மதுரையில் முதல் சந்தை தொடங்கியது, நம் ஊரிலும் வந்தது. அங்கே கடை போட அடையாள அட்டை வேண்டும், நிலம் வைத்துப் பயிர் செய்கிறவருக்குத்தான் அட்டை. கமிஷன் கிடையாது, அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். காலை ஆறு மணிக்குப் போகாதீர்கள், வியாபார நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள். எட்டரை, ஒன்பதுக்கு மேல் கூட்டம் வடிந்ததும் போய், மிஞ்சின காயை என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம். எங்களுக்குக் காய் தருகிற ஒருவர் அப்படிக் கிடைத்தவர்தான்.

பேச்சு முடிந்ததும் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். சோதனை போடுகிற தோரணை வேண்டாம். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, மாடு இருக்கிறதா, ஒரே பயிராக இருக்கிறதா, நாலைந்து பயிர் கலந்து இருக்கிறதா, வீட்டுக்கு எதைப் பறிக்கிறார்கள். விற்கிறதற்கு ஒரு பாத்தி, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று தனித்தனியாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

"இயற்கை விவசாயமா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வி வேண்டாம். நான் கேட்பது இப்படி: "அண்ணாச்சி, கத்திரிக்குப் பூச்சி வந்திருக்குமே, கடைசியா என்ன அடிச்சிய? என்னைக்கு அடிச்சிய?" ஒருவர் சொன்னார்: "வேப்பங்கொட்டைக் கரைசல் ரெண்டு தடவ அடிச்சேன், கேக்கல. பொறவு கடை மருந்து ஒரு தடவ. அடிச்சுப் பதினஞ்சு நாளாச்சு, இனிமேதான் காய் எடுக்கணும்." அவரிடம்தான் இன்றும் வாங்குகிறோம். உண்மையைச் சொல்வதால் வியாபாரம் கைவிட்டுப் போகாது என்று அவருக்குத் தெரிந்தால் அடுத்த தடவையும் உண்மையைச் சொல்வார். மருந்து அடித்த வாரம் காய் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆளை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

சான்றிதழ் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இயற்கை விளைபொருள் பற்றிய 2017ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில், சிறு விவசாயி தானே நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கு விற்றால் சான்று கட்டாயம் இல்லை என்று விலக்கு உண்டு. ஆகவே காகிதம் இல்லை என்பதற்காக ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. காகிதம் வேண்டும் என்றால் பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சான்று தருவது. மூன்றாம் ஆளுக்குப் பெரிய கட்டணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் குழுவில் இருந்து ஒருவர் அந்தப் பார்வைக்குக் கூடப் போக முடிந்தால் நூறு காகிதத்துக்குச் சமம்.

விலையும் முன்பணமும்

அரிசி, உளுந்துக்கு அறுப்பு நேரத்தில் ஒரு விலை, அது வருஷம் முழுக்க. காய்கறிக்கு நாங்கள் சீசனுக்கு ஒரு விலை பேசுகிறோம். கத்திரிக்காய் கிலோ 28 என்றால் மார்க்கெட்டில் 10 ஆனாலும் 28, 60 ஆனாலும் 28. கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில் இரண்டு பக்கமும் நழுவப் பார்ப்பார்கள். விலை விழுந்த வாரம் எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். விலை ஏறிய வாரம் விவசாயிக்குச் செடியில் திடீரென்று காயே இருக்காது. ஆகவே இப்போது ஒரு திருத்தம்: மார்க்கெட் விலை பேசின விலையைப் போல இரண்டு மடங்கு ஏறினால் வித்தியாசத்தில் பாதியைச் சேர்த்துக் கொடுப்போம். விழுந்தால் குறைக்கமாட்டோம். ஒருதலைப்பட்சமாக இருக்கிறது என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விலை விழுந்தால் எங்களுக்கு நஷ்டம் சில பத்து ரூபாய், விவசாயிக்கு ஒரு போகம்.

முன்பணம் கொடுப்பதா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். ஜப்பானில் 1970களில் தொடங்கிய 'தெய்கெய்' என்ற முறையில் இதைத் தெளிவாகப் பேசி வைத்தார்கள். அங்கே இயற்கை வேளாண்மைச் சங்கம் 1971ல் உருவானது, 1978ல் பத்துக் கொள்கைகளை எழுதினார்கள். என்ன விளைவிப்பது என்பதைச் சேர்ந்து திட்டமிடுவது, விளைந்ததை எல்லாம் ஏற்றுக்கொள்வது, விலையில் இருவரும் விட்டுக்கொடுப்பது, கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தாங்களே செய்வது எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் 1986ல் இரண்டு பண்ணைகள், சாப்பிடுகிறவர்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டிப் பங்கு எடுக்கும் முறையை ஆரம்பித்தன. விளைச்சல் கூடினால் கூட, குறைந்தால் குறைய.

குறைந்தால் என்ன என்பதை 2023 டிசம்பர் 17, 18 மழை எங்களுக்குக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது அப்போதுதான். தாமிரபரணி கரை மீறி ஓடியது. வாழைக்கு நாங்கள் முன்பணம் கொடுத்திருந்த விவசாயி ஒருவருக்குத் தோட்டமே மணல்மேடாகிவிட்டது. குழுவில் சிலர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றார்கள், சிலர் அந்தப் பேச்சே கூடாது என்றார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதே சண்டை. கடைசியில் பாதியை விட்டுவிடுவது, பாதியை அடுத்த வெட்டில் கழிப்பது என்று முடிந்தது. பணம் கைமாறும் முன்பே இதை எழுதி வைத்திருந்தால் சண்டை ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். இப்போது எழுதி வைக்கிறோம்: எதிர்பார்க்கிற சரக்கின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் இல்லை. வெள்ளம், வறட்சி, காற்று வந்தால் பாதி எங்கள் நஷ்டம். இது பிடிக்காத வீடு முன்பணத்தில் சேர வேண்டாம், வந்தபின் காசு கொடுத்து வாங்கலாம்.

மண்டிக்குப் பாக்கி வைத்திருக்கிற விவசாயியிடம் முழுச் சரக்கையும் கேட்காதீர்கள். அவர் அங்கே போடவேண்டியதைப் போடட்டும். நாற்பது வீடு எடுப்பது அவர் விளைச்சலில் சின்னப் பங்குதான், மீதியை நாளைக்கு அந்த மண்டிதான் வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் முடிந்துவிடும். "அண்ணாச்சி, ஒரு கிலோ வெண்டைக்காய் மட்டும்" என்று சனிக்கிழமை வருகிற செய்திக்குப் பதில் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை மொத்த அளவு விவசாயிக்குப் போகும், சனிக்கிழமை சாயங்காலம் பறிப்பு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் இறங்கும். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கத்தை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் நீங்கள் சம்பளம் இல்லாத டெலிவரிப் பையன்.

மின்தராசு ஒன்று சொந்தமாக வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வேண்டும், தொழிலாளர் துறையில் செய்வார்கள். விவசாயி எடை ஒன்று, நம் எடை ஒன்று என்று இரண்டு எடை போடுவது தேவையில்லாத மனக்கசப்பு. இறங்கும்போது அவர் முன்னால் ஒரே எடை, அதையே நோட்டில் எழுதுவது.

கழிவுக்கு நான் கிலோவுக்கு இரண்டு ரூபாய் சேர்த்துத்தான் விலை போடுவேன். பறித்த காய் ராத்திரியில் வாடி எடை குறையும், பிரித்துப் போடும்போது நூறு கிராம், ஐம்பது கிராம் என்று சிந்தும், அடியில் நசுங்கினது ஒன்றிரண்டு இருக்கும். இந்த இரண்டு ரூபாயைச் சேர்க்க வெட்கப்பட்டால் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். மிஞ்சினால் வண்டி வாடகைக்குப் போகட்டும். வருஷக் கடைசியில் எல்லாருக்கும் கணக்கைக் காட்டிவிடுங்கள்.

வாழைத்தார்தான் பங்கு போட மிகவும் கஷ்டம். மேல் சீப்புப் பழம் பெரிசு, கடைசிச் சீப்பு விரல் அளவு. எண்ணிக்கைக்கு விற்றால் அடிச்சீப்பை யாரும் தொடமாட்டார்கள். எடைக்கு விற்றாலும் முதலில் வருகிறவர் மேல் சீப்பைத்தான் கேட்பார். நாங்கள் சுற்று வைக்கிறோம்: இந்த வாரம் மேல் சீப்பு வாங்கினவருக்கு அடுத்த வாரம் கீழ்ச்சீப்பு. ஏத்தன், ரஸ்தாளி, நாட்டுப்பழம் எது வந்தாலும் காயாகவே வாங்கி, அவரவர் வீட்டில் பழுக்கவைத்துக்கொள்வது நல்லது. பழமாக வேண்டும் என்றால் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைத்துத் தருகிறவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் அன்றைக்கே. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் விவசாயி கணக்கில் போய்விட வேண்டும். மண்டியோடு நாம் போட்டி போட முடிகிற இடம் இது ஒன்றுதான். உறுப்பினர்களிடம் வசூலாகும் வரை காத்திருந்து கொடுத்தால், மூன்றாம் வாரம் அவர் மண்டிக்கே போய்விடுவார், போகத்தான் வேண்டும். அதற்காக வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் முதலிலேயே வாங்கிப் பொதுவில் வைத்திருக்கிறோம். கடன் கிடையாது. வங்கிக் கணக்கு இரண்டு பேர் பெயரில்.

எதை வாங்க வேண்டாம்

பல்லாரி வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் வெளியூரில் இருந்து வருவது. குழுவுக்காக யாரோ ஒருவர் மார்க்கெட்டில் வாங்கி, தன் காய் என்று கலந்து கொடுக்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கும். தெருமுனை அண்ணாச்சி கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடையை விரோதித்துக்கொள்ளவும் வேண்டாம், ராத்திரி எட்டு மணிக்குத் தயிர் தீர்ந்தால் குழு வராது.

அந்தந்த மாதத்துக்கு உள்ளதைக் கேளுங்கள். மார்கழிக் கடைசியில் சிறுகிழங்கு வரும், பொங்கல் வரைக்கும் ஓடும். மண்ணோடு வாங்குங்கள், கழுவினால் தங்காது. சாக்கில் போட்டுத் தரையில் உரசினால் தோல் கழன்றுவிடும். தை மாதம் பனங்கிழங்கு. சேனை, சேம்பு, தடியங்காய் (வெண்பூசணி) வைத்திருந்து கொடுக்கலாம். எலுமிச்சைக்குப் புளியங்குடி. முருங்கைக்குத் திசையன்விளை, அது மழைக்காலத்தில் குறைந்துவிடும். அப்போது விலையைப் பார்த்துவிட்டு முருங்கை கேட்டு அடம் பிடிப்பவரிடம் கீரையைப் பற்றிப் பேசுங்கள்.

எத்தனை வீடு வரை

பதினைந்து வீட்டுக்குக் குறைந்தால் வேன் வாடகை கட்டாது. ஐம்பதைத் தாண்டினால் திண்ணை தாங்காது, யார் என்ன வாங்கினார் என்பதும் நினைவில் நிற்காது. குழு அளவாக இருக்க வேண்டும் என்பதும் அந்த ஜப்பான்காரர்களின் பத்துக் கொள்கைகளில் ஒன்று. ஐம்பது வந்ததும் இரண்டாகப் பிரியுங்கள். புதுக் குழுவுக்குக் கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள். விவசாயிகளை நீங்களே பங்கு போடாதீர்கள், எத்தனை வீட்டுக்குத் தர முடியும் என்று அவர்களே சொல்லட்டும். தராசை மட்டும் புதுக் குழு சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும். எங்களுடையதை ஒரு குழுவுக்கு இரவல் கொடுத்தோம், இன்னும் திரும்பி வரவில்லை.